புகைக்கூண்டு என்னும் வள்ளல்

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். விடியற்காலையில் வாசல் பெருக்குவார். பெருக்குவதில் ஒரு நேர்த்தி உண்டு. தம் வாசல் குப்பை, ஒரு துரும்பு மிச்சமில்லாமல், பக்கத்து வீட்டு எல்லையைத் தாண்டும்வரை துடைப்பம் ஓயாது. பிறகு தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் போட்டு, இடுப்பில் கைவைத்து ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். தெருவிலேயே சுத்தமான வாசல் அவருடையதுதான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. "ஏங்க்கா, உங்க வீட்டுக் குப்பையெல்லாம் எங்க வாசல்ல கெடக்கே" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள். "காத்து கொண்டாந்து போட்டிருக்கும்டி. காத்து நான் சொன்னா கேக்குமா?" என்றார் அவர்.

சின்னப் பையனாக இருந்த எனக்கு அந்தப் பதிலின் ஆழம் அன்று புரியவில்லை. கனடா நாட்டு ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள சட்பரி என்ற ஊரைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. அந்த அம்மாளிடம் மனம் இருந்தது, கருவி இல்லை. 381 மீட்டர் உயரத்தில் ஒரு துடைப்பம் கிடைத்திருந்தால் நான்கு மாவட்டம் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்.

சட்பரிக்காரர்கள் ஆரம்ப காலத்தில் மகா கஞ்சர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 185 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விண்கல் வந்து மோதிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. 1883-ல் ரயில் பாதைக்காகப் பாறையை உடைத்தபோது செம்பும் நிக்கலும் தலைகாட்டின. இரண்டும் கந்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. கந்தகத்தை விரட்டினால்தான் உலோகம் கைக்கு வரும். அதற்கு அவர்கள் கண்ட வழி மிக எளிது. சுற்றியிருந்த காட்டை வெட்டி விறகாக அடுக்குவது, மேலே தாதுக்கல்லைக் குவிப்பது, தீ வைத்துவிட்டு மாதக்கணக்கில் புகையவிடுவது. நம் ஊர்ச் செங்கல் சூளை மாதிரிதான், ஆனால் வெட்டவெளியில், கூண்டில்லாமல். கந்தகப் புகை தரையோடு தரையாகத் தவழ்ந்தது. விறகுக்கு வெட்டியது போக மிஞ்சிய மரங்களை அந்தப் புகை பார்த்துக்கொண்டது. மரம் போனதும் மண் மழையில் கரைந்து ஓடியது. மண் போனதும் பாறை வெளியே வந்தது. வந்த பாறையும் கறுத்தது. 1888-ல் தொடங்கி 1929 வரை இந்தச் சூளை முறை நடந்தது. சுமார் 20,000 ஹெக்டேர் வெறும் பொட்டல், அதைச் சுற்றி 80,000 ஹெக்டேர் அரைப் பொட்டல் என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை புகையையும் ஊரே வைத்துக்கொண்டது. பக்கத்து ஊருக்குக் கொஞ்சம் கொடுப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அரசாங்கம் மட்டும் அப்போதே பெரிய மனதோடு நடந்துகொண்டது. தோட்டம் கருகுகிறது, பயிர் போகிறது என்று விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். தனி மனிதர்கள் தங்கள் உரிமையைப் பிடித்துக்கொண்டு ஊரின் பிழைப்பைக் கெடுக்க முடியாது என்ற கருத்தில், 1917-ல் நீதிபதி உலையை நிறுத்த மறுத்தார். 1921-ல் மாகாண அரசு இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. புகைச் சேதத்துக்காக ஏழை விவசாயி கோர்ட்டுப் படி ஏறி அலைய வேண்டாம், ஒரு நடுவரிடம் சொன்னால் போதும் என்று சட்டம் செய்தது. நிலப் பத்திரத்திலேயே 'புகை வந்தால் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கும் வழக்கமும் இருந்தது. நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் வண்டிப்பாதை பாத்தியதை, கிணற்றுத் தண்ணீர் பாத்தியதை என்று எழுதுகிறோம் இல்லையா? அங்கே புகைப் பாத்தியதை. எதையும் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

1971-லும் 1972-லும் நிலாவுக்குப் போகவிருந்த அப்போலோ வீரர்கள் பயிற்சிக்காக சட்பரிக்கு வந்தார்கள். விண்கல் மோதினால் பாறை எப்படி உடைகிறது என்று படிக்கத்தான் வந்தார்கள். ஆனால், 'எங்கள் ஊர் நிலா மாதிரியே இருப்பதால் வந்தார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பி இன்றுவரை ஓயவில்லை. மறுக்க வேண்டிய வதந்திதான். சன்னலைத் திறந்து வெளியே பார்த்தவர்களுக்கு மறுக்க வாய் வந்திருக்காது.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு முடிவு கட்டியது 1972. அந்த ஆண்டுதான் இன்கோ நிக்கல் நிறுவனம் தன் காப்பர் கிளிஃப் உலைக்கு ஒரு கூண்டு கட்டி முடித்தது. உயரம் 381 மீட்டர். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரை எந்த உயரமோ, அதே உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறக்குறைய ஆறு அடுக்கினால் வரும். உலகத்தில் அதைவிட உயரமான புகைக்கூண்டு அப்போது கிடையாது. கட்டிக்கொண்டிருந்தபோதே, 1970 ஆகஸ்டில், ஒரு சூறாவளி வந்து பார்த்தது. உச்சியில் வேலைக்காரர்கள் இருந்தார்கள். கூண்டு ஆடியது, விழவில்லை. மேலே இருந்தவர்கள் உயிரோடு இறங்கினார்கள். கொடைக்கென்று பிறந்தவர்களை இயற்கைகூடத் தொடாது போலும்.

கூண்டு செய்த முதல் நன்மையை யாரும் மறுக்க முடியாது. சட்பரியின் காற்று தெளிந்தது. தொண்டை கரகரப்பு குறைந்தது. 1978-ல் மாணவர்கள் சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் சுமந்து கறுத்த பாறைமேல் தூவினார்கள், புல் விதைத்தார்கள், மரம் நட்டார்கள். இன்றைக்கு ஒரு கோடிக்கு மேல் மரம் நட்டாயிற்று. ஊர் பச்சையாகிவிட்டது. 1992-ல் ரியோ மாநாட்டில் ஐக்கிய நாடுகள் சபை கூப்பிட்டுப் பாராட்டியது. வாசல் பெருக்கிக் கோலமும் போட்டாயிற்று.

புகை எங்கே போயிற்று என்பது அற்பக் கேள்வி. வள்ளலிடம், கொடுத்தது யாருக்கு என்று கணக்குக் கேட்பது நாகரிகமா?

ஆனாலும் அந்தக் கொடையின் நுட்பத்தைச் சொல்லாமல் விட்டால் பாராட்டு அரைகுறையாகிவிடும். குட்டைக் கூண்டு என்ன செய்யும்? கந்தக டை ஆக்சைடு வாயுவைப் பச்சையாக, பக்கத்திலேயே கொட்டிவிடும். மூக்கு எரியும், இலை கருகும், யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது அநாகரிகம். உயரமான கூண்டு அந்த வாயுவுக்கு அவகாசம் தருகிறது. பால் தயிராக ஓர் இராத்திரி வேண்டும் அல்லவா? அதுபோல, காற்றில் மிதந்து, ஈரத்தோடும் வெயிலோடும் உறவாடி, ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு கந்தக அமிலமாகத் தோய அந்த வாயுவுக்கு மணிக்கணக்கோ நாள்கணக்கோ வேண்டும். காற்று அதைச் சுமந்துகொண்டு சில நூறு கிலோமீட்டர் போய்விடும். வண்டிகளும் அனல் மின் நிலையங்களும் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடும் வழியில் கூட்டுச் சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். பிறகு மழையாக, பனியாக, மூடுபனியாக இறங்கும். வாங்குகிறவருக்குக் கொடுத்தவர் யார் என்று தெரியாது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே ஒரு நாடு கொடுப்பது இன்னொரு நாட்டுக்கே தெரியாது.

மழைக்கு இயல்பாகவே சற்றுப் புளிப்பு உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அதன் பிஎச் அளவு 5.6 சுமாருக்கு இருக்கும். நடுநிலை 7. இந்த அளவுகோலின் குறும்பு, ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு, இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆலை அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு வசதியான அளவுகோல் வேறு அமையாது. இந்தச் சரக்குக்குப் பெயரும் ஆயத்தமாகவே இருந்தது. மான்செஸ்டர் புகையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 'அமில மழை' என்ற சொல்லைத் தம் புத்தகத்தில் எழுதியது 1872-ல். சரியாக நூறு வருஷம் கழித்து சட்பரிக் கூண்டு எழுந்தது. அறிவியல் சொன்னதை அவசரப்பட்டுக் கேட்டார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.

சட்பரிக்குத் தென்மேற்கே கில்லார்னி என்றொரு மலைப்பகுதி. வெள்ளைப் படிகக்கல் குன்றுகள், நடுநடுவே ஏரிகள். அங்கே ட்ரௌட் ஏரி என்று ஒன்று இருந்தது. ட்ரௌட் என்பது மீன். நம் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். 1931-ல் அந்த ஏரிக்கரைக் காட்டை மர வியாபாரிகள் வெட்ட வந்தபோது, ஏ. ஒய். ஜாக்சன் என்ற ஓவியர் பதறிப்போய் அரசுக்கு எழுதினார். ஒன்டாரியோ ஓவியர் சங்கமும் சேர்ந்துகொண்டது. காடு பிழைத்தது. நன்றிக்கு அடையாளமாக ஏரிக்கு அந்தச் சங்கத்தின் பெயரைச் சூட்டி ஓ.எஸ்.ஏ. ஏரி என்று மாற்றினார்கள். என்ன தீர்க்கதரிசனம் பாருங்கள்! கோடரியோடு வந்தவனைத் திருப்பி அனுப்பினார்கள். மேகத்தோடு வந்ததைத் திருப்பி அனுப்ப யாருக்கு அதிகாரம்? சில பத்தாண்டுகளில் ஏரியின் மீன் போய்விட்டது. நல்லவேளை, பெயரை முன்பே மாற்றியிருந்தார்கள். இல்லாவிட்டால் ட்ரௌட் இல்லாத ட்ரௌட் ஏரி என்று வருகிறவர்கள் சிரித்திருப்பார்கள்.

மீன் போனது பெரிய கூண்டினால் மட்டும் என்று சொன்னால் அதன் முன்னோர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். அதற்கு முன்பிருந்த குட்டையான கூண்டுகளே கில்லார்னிவரை கைநீட்டிப் பழகியிருந்தன. 1960-களில் சட்பரி உலைகள் ஆண்டுக்கு 25 லட்சம் டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடு வெளியிட்டன. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் மீனியல் அறிஞர் ஹெரால்ட் ஹார்வி 1966-ல் கில்லார்னியின் லம்ஸ்டன் ஏரியில் 4,000 சால்மன் குஞ்சுகளை விட்டார். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எதிரி மீன் தின்றதா, நோய் வந்ததா, வலையில் ஓட்டையா என்று எல்லோரையும் போல அவரும் குழம்பினார். அவரும் அவரோடு ஆய்வு செய்த ரிச்சர்ட் பீமிஷும் தண்ணீரை அளந்தார்கள். 1961-ல் 6.8 ஆக இருந்த ஏரியின் பிஎச் 1971-ல் 4.4. பத்தே ஆண்டில் நூறு மடங்குக்கு மேல் புளித்திருந்தது. அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது, வேறெப்போது, 1972-ல்.

எந்த மழைக்கும் எல்லா ஏரியும் இப்படி மசிந்துவிடாது. சுண்ணாம்புக்கல் உள்ள நிலம் அமிலத்தை வாங்கி, வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை போட்டதுபோலச் சமன் செய்துவிடும். கில்லார்னியின் வெள்ளைப் படிகக்கல்லுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. வந்த அமிலத்தை அப்படியே ஏரிக்குக் கொடுத்தது. மண்ணில் வாய்மூடிக் கிடந்த அலுமினியத்தையும் அமிலம் கரைத்து எழுப்பிக் கூடவே அனுப்பியது. அந்த அலுமினியம் மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். குளிர்காலம் முழுக்கப் பனியில் சேர்ந்த அமிலம் வசந்தத்தில் பனி உருகும்போது ஒரே மூச்சில் இறங்கும். மீன் முட்டையிடுகிற, குஞ்சு பொரிக்கிற பருவத்துக்கே வந்து சேரும். இவ்வளவு நேரம் தவறாத விருந்தாளியை எங்கே காண முடியும்?

சாவும் அங்கே ஆரவாரமில்லாமல் நடக்கிறது. மீன் செத்து மிதப்பது அபூர்வம். பெண் மீன்கள் முட்டையை வெளியே விடாமல் வயிற்றிலேயே வைத்துக்கொள்கின்றன. குஞ்சு வருவது நின்றுவிடுகிறது. இருக்கிற பெரிய மீன்களுக்குப் போட்டியில்லாததால் அவை இன்னும் பெரிதாகின்றன. தூண்டில் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். 'எங்கள் ஏரி மாதிரி பெரிய மீன் எங்கும் கிடைக்காது' என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அது ஓர் இனத்தின் கடைசிக் கிழட்டுத் தலைமுறை என்பது போட்டோவில் தெரியாது. டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரி ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஒன்டாரியோவின் வடமேற்கில், 223 என்று எண்ணிட்ட ஏரியில் 1976 முதல் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலம் ஊற்றிப் பார்த்தார்கள். ட்ரௌட்டை அமிலம் நேரே தொடவில்லை. ட்ரௌட் தின்னும் சின்ன மீனும் இறால் வகையும் முதலில் மறைந்தன. பெரிய மீன் தண்ணீர் நிறைய நீந்திக்கொண்டே பட்டினியில் எலும்பும் தோலுமாயிற்று. கொலை என்று யாரும் வழக்குப் போட முடியாதபடி ஒரு கொலை.

இத்தனைக்கும் ஈடாக அமில மழை ஒரு பரிசு தருவதை நன்றியில்லாதவர்கள்தான் மறப்பார்கள். ஏரித் தண்ணீர் தெளிந்துவிடும். இலைதழை அழுகி வரும் பழுப்பு நிறம் போய், பாசியும் குறைந்து, அடிமட்டக் கல்வரை பளிங்கு மாதிரி தெரியும். நீலமா பச்சையா என்று சொல்லத் தெரியாத ஒரு நிறம். கில்லார்னிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் ஓ.எஸ்.ஏ. ஏரியின் அந்த நிறத்தைப் பார்த்துப் படகிலிருந்தே கைகூப்புகிறார்கள். உயிர் அதிகம் இருக்கிற குளம் கலங்கித்தான் இருக்கும். நம் ஊர்க் கோயில் குளத்தைப் பாருங்கள், பாசி, தவளை, மீன், பொரி, எண்ணெய்ப் பிசுக்கு. எப்போது நாம் முன்னேறப் போகிறோம்?

இந்த ஈகை சட்பரியின் தனிச்சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். 1952-ல் லண்டனைப் புகைமூட்டம் மூடிப் பல்லாயிரம் பேரைக் கொன்ற பிறகு, பிரிட்டன் 1956-ல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. ஊருக்குள் கரி குறைந்தது, ஊருக்கு வெளியே மின் நிலையங்களின் கூண்டு உயர்ந்தது. நார்வேயின் தென்கோடி ஆறுகளில் சால்மன் காணாமல் போனது. சுவீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே ஓடேன் 1967-ல் பத்திரிகையில் இதை ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான 'ரசாயனப் போர்' என்று எழுதினார். கொடுப்பதைப் போர் என்று சொல்லும் நன்றிகெட்ட உலகம்! சுவீடன் இந்தக் குறையை ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில், ஸ்டாக்ஹோமில், 1972 ஜூனில் எடுத்து வைத்தது. அதே ஆண்டில்தான் சட்பரி, விவாதத்தில் கலந்துகொள்ளாமல், 381 மீட்டரில் பதில் சொன்னது. செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, போலந்து மூன்றும் கூடும் மூலையில் மலைக்காடுகள் நின்றபடியே காய்ந்தன. சலவைக்கல் சிலைகளின் மூக்கும் விரலும் ஜிப்சமாகி உதிர்ந்தன. சிலைகள் எங்கும் புகார் கொடுக்கவில்லை.

வடஅமெரிக்காவில் நடந்த ராஜதந்திரம்தான் ரசிகனுக்கு உண்மையான விருந்து. கிழக்குக் கனடாவில் விழுந்த அமிலத்தில் ஏறக்குறைய பாதி, ஒகையோ பள்ளத்தாக்கு போன்ற அமெரிக்க நிலக்கரிப் பகுதிகளிலிருந்து வந்தது. கனடா முறையிட்டது. 'முதலில் உங்கள் சட்பரிக் கூண்டைப் பாருங்கள்' என்றது அமெரிக்கா. இரண்டும் உண்மை என்பதால் இரண்டு பேருக்கும் சும்மா இருக்க வசதியாகிவிட்டது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அமில மழையைப் பற்றி இரண்டு படங்கள் எடுத்து அனுப்பியது. 1983-ல் அமெரிக்க நீதித்துறை அவற்றை, அணுப்போர் பற்றிய இன்னொரு படத்தோடு சேர்த்து, 'அரசியல் பிரசாரம்' என்று வகைப்படுத்தியது. படம் போடுவதற்கு முன்னால் அதற்கான அறிவிப்பைக் காட்ட வேண்டும், யாருக்குப் போட்டோம் என்று விவரமும் கொடுக்க வேண்டும். மழையைப் பற்றிய படத்துக்கு எல்லையில் சீட்டு கேட்டார்கள். மழைக்கு யாரும் கேட்கவில்லை. அரசாங்கத்தின் விருந்தோம்பலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆராய்ச்சி செய்யாமல் அவசரப்படக்கூடாது என்பதில் வாஷிங்டனுக்கு இருந்த பொறுப்புணர்ச்சியும் மெச்சத்தக்கது. 1980-ல் தேசிய ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். பத்து ஆண்டு, ஐம்பது கோடி டாலருக்கு மேல் செலவு. அந்தப் பத்து ஆண்டும், 'ஆய்வு முடியட்டும்' என்ற ஒரு சொல் எல்லாக் கேள்விக்கும் விடையாக இருந்தது. நோயாளி மூச்சுத் திணறும்போது வைத்தியர் நிதானமாக நாடி பார்ப்பது எவ்வளவு அழகு! கடைசியில் ஆய்வின் முடிவுக்காகக்கூடச் சட்டம் காத்திருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, மின் நிலையங்களின் கந்தகத்துக்கு உச்சவரம்பு கட்டினார்கள். செலவில் நாடே திவாலாகிவிடும் என்று பயமுறுத்திய கணக்குகளைவிடச் செலவு மிகக் குறைவாக முடிந்தது. 1991-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன.

அதன் பிறகு நம் வள்ளலுக்கு இறங்குமுகம். ஒன்டாரியோ அரசு 1985-லேயே கெடு வைத்திருந்தது. 1994-க்குள் இன்கோ தன் வெளியீட்டை ஆண்டுக்கு 2,65,000 டன்னாக இறக்க வேண்டும் என்றது. முடியவே முடியாது, ஊர் மூடிவிடும் என்று சொன்னவர்கள் உலையை மாற்றினார்கள், கந்தகத்தை உள்ளேயே பிடித்தார்கள், பிடித்ததைக் கந்தக அமிலமாக்கி ரயிலில் ஏற்றி விற்றார்கள். நூறு வருஷம் இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு விலை வைத்துவிட்டார்கள். வியாபார புத்தி! இன்கோ 2006-ல் பிரேசிலின் வாலே நிறுவனத்தின் கைக்குப் போனது. மிச்சமிருந்த புகையும் பெருமளவு குறைந்தது. 2020-ல் கூண்டை அணைத்தார்கள். கொடுக்க ஒன்றுமில்லாத வள்ளலை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? இடித்து இறக்க முடிவெடுத்துவிட்டார்கள்.

ஆனால் கொடை நிலைத்து நிற்கிறது. அமிலம் குறைந்து, சில ஏரிகளுக்கு மீன் திரும்பிவிட்டது. மீன் பண்ணையில் வளர்த்துக் காப்பாற்றி வைத்திருந்த அரோரா ட்ரௌட்டை, சுண்ணாம்பு போட்டுத் தேற்றிய அதன் பழைய ஏரியில் 1990-ல் மறுபடி விட்டார்கள். என்றாலும் அத்தனை ஆண்டு அமிலம் மண்ணிலிருந்து கழுவிக்கொண்டு போன கால்சியம் திரும்பவில்லை. பாறை கரைந்து மண்ணில் கால்சியம் சேரத் தலைமுறைகள் ஆகும். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டிய டாப்னியா என்ற தண்ணீர்ப் பூச்சி குறைகிறது. அந்த இடத்தில், கால்சியம் அதிகம் கேட்காத, கொழகொழவென்று ஜெல்லி போர்த்திய வேறொரு பூச்சி பெருகுகிறது. வலையில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி அள்ள வருகிறதாம். தண்ணீர்க் குழாயின் வடிகட்டியையும் அடைக்கிறதாம். வள்ளல் மறைந்த பிறகும் பெயர் சொல்ல ஒரு பிள்ளை.

இத்தனை பெரிய மரபை மேற்கே கைவிட்டார்கள் என்றால், காப்பாற்ற ஒரு நாடு வேண்டாமா? எண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கூண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் அனல் மின் நிலையங்களின் கந்தகத்துக்கு 2015 வரை நேரடி வரம்பே கிடையாது. உயரத்துக்குத்தான் விதி. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 275 மீட்டர் கூண்டு. எவ்வளவு வருகிறது என்று கேட்கவில்லை, எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தெரு அம்மாள் தில்லியில் அதிகாரியாக இருந்தாரோ என்று எனக்குச் சந்தேகம். 2015 டிசம்பரில் யாரோ கெடுத்துவிட்டார்கள். கந்தகத்துக்கு வரம்பு, புகையைக் கழுவும் கருவி, இரண்டு ஆண்டு கெடு. நல்லவேளை, கெடுவுக்குக் கெடு கொடுப்பதில் நமக்கு அனுபவம் உண்டு. 2017 என்பது 2022 ஆயிற்று, அதுவும் நீண்டது. 2025 ஜூலையில் ஒரேயடியாக முக்கால் பங்குக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அந்த வரம்பிலிருந்தே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: கூண்டு விதிப்படி உயரமாக இருக்க வேண்டும்.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, நிலையத்தின் அக்கம்பக்கத்தில் அளந்தால் வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது, நம் மழை அப்படியொன்றும் புளிக்கவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. நிலக்கரியில் கந்தகம் சதவீதத்தில் குறைவுதான், எரிக்கிற டன்னில்தான் அதிகம். அக்கம்பக்கத்தில் வாயு தெரியாமல் இருப்பதற்காகத்தானே கூண்டே கட்டியது? அது சல்பேட் துகளாக மாறி, சில நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் நுரையீரலில் இறங்கும்போது வேறு பெயரில், வேறு கணக்கில் எழுதப்படும். மழை புளிக்காததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது நம் புழுதிக்கு. சுண்ணாம்பு கலந்த தெருப் புழுதியும் வயல் புழுதியும் காற்றிலேயே அமிலத்தைச் சமன் செய்கின்றன. ரோடு போடாமல், போட்ட ரோட்டைத் தோண்டி மூடாமல் விட்டு வைத்திருக்கும் நகராட்சிகளின் தொலைநோக்கு இப்போதாவது புரிகிறதா?

சட்பரிக் கூண்டை இறக்கிப் பழைய இரும்பு விலைக்குப் போடுவதற்குள் நாம் ஒரு கடிதம் எழுதினால் என்ன? இப்போதைக்கு அவர்களுக்கு அதனால் பயனில்லை, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கப்பல் கூலிதான் செலவு. நம் விதிக்கு 275 மீட்டர் போதும். மிச்சம் 106 மீட்டர் வரும். அதை ஏதாவது சின்ன நிலையத்துக்கு நட்டுக்கொள்ளலாம்.